தொடக்கத்தைப் பார்க்கிறவர்

அவர் ஒரு மோட்டரையும் "நல்லம்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. கூடாது என்றும் சொல்லமாட்டார். மூன்று நாள் தன்னிடம் வைத்திருந்து, நாலாம் நாள் மாஸ்கிங் ரேப் என்கிற ஒட்டுத்தாளில் விரலளவு ஒரு துண்டைக் கிழித்து, பென்சிலால் மூன்று வரி எழுதி, மோட்டரின் முதுகில் ஒட்டித் தருவார். முதல் வரி கரண்ட். இரண்டாம் வரி சூடு. இந்த இரண்டுக்கும் இலக்கம் போடுவார். மூன்றாம் வரி தொடக்கம். அதற்கு இலக்கம் கிடையாது, ஒரு சொல்தான். ஒன்றில் "பிந்தேல்ல", இல்லாவிட்டால் "பிந்துது".

என்னுடைய மோட்டருக்கு "பிந்துது" என்று எழுதியிருந்தார். கல்விக் கந்தோரின் வரவுப் புத்தகத்தில் என் பெயருக்கு நேரே இருபது வருடமாகச் சிவப்பு மையில் விழுந்துவரும் தகவலும் அதுதான் என்பதால், கொஞ்சம் தனிப்பட்ட முறையில் எடுத்துக்கொண்டேன்.

மோட்டர் என்றால் கிணற்று மோட்டர் அல்ல. கோழி முட்டையைவிடச் சற்றுப் பெரிது. ரிமோட்டில் ஓடுகிற விளையாட்டுக் காருக்குள் இருப்பது. இந்தக் கார்களைப் பந்தயம் விடுகிற பெரிய மனிதர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். தங்கள் மோட்டர்களைப் பத்திரிகைத் தாளில் சுற்றி மன்னார் பஸ்ஸில் போட்டுவிடுவார்கள். அவர் பஸ் நிலையத்துக்குப் போய் எடுத்துவருவார். டோஹாவில் இப்படியான கார் விற்கும் கடையொன்றின் பின்னறையில் பதினான்கு வருடம் இருந்து பழகிய வேலை. ஊருக்குத் திரும்பி, உப்புக்குளத்தில் தன் வீட்டின் முன்னறையைக் கடையாக்கியிருந்தார். வெள்ளத்துக்குப் பயந்து உயர்த்திக் கட்டிய அறை. ஏற மூன்று படி. பெயர்ப்பலகை இல்லை. அவருக்குப் பெயர் இருந்தது. எல்லோரும், அண்ணன் என்கிற மாதிரி, நானா என்றார்கள். நானும் அப்படியே விட்டுவிடுகிறேன்.

நாற்பத்தொன்பது வயதில் எனக்கு விளையாட்டுக் கார் எதற்கு என்று கேட்கலாம். கேட்டவர்கள் பலர். டாக்குத்தர் என்னைத் தினமும் நடக்கச் சொன்னார். காரணமில்லாமல் நடக்க எனக்குக் கூச்சம். கொழும்புக்கு இடமாற்றமாகிப் போன நண்பரொருவர் விட்டுச்சென்ற காரைக் கீரிக் கடற்கரையில் ஓடவிட்டு, அதைப் பிடிப்பதற்காகப் பின்னால் நடந்தேன். என் மனைவியும் கூட வருவாள். அவள் பள்ளிக்கூட ரீச்சர். வகுப்பறையில் மேசைகளுக்கு நடுவே நடந்து நடந்து பழகிய கால். கார் என்ற சாட்டும் தேவையில்லாமல் எனக்கு முன்னால் போய்விடுவாள். இருட்ட முதல் திரும்பி வருவோம். அந்த ஒரு மணித்தியாலத்தில் நாங்கள் பேசியவற்றை எழுத்தில் போட்டால் நாலு வரி வராது. ஆனால் அந்த ஒரு மணித்தியாலம் இல்லாத நாளை இருவருக்குமே பிடிக்காது.

அந்தக் கார் வெளிக்கிடும்போது இழுத்து இழுத்து நடுங்கியது. அதனால்தான் நானாவிடம் போனேன்.

"எவ்வளவு வேகம் போகும் நானா?"

"அது எனக்குத் தெரியாது தம்பி."

"ரெஸ்ற் பண்ணுறீங்கள் எண்டு சொன்னாங்களே."

"ஓடத் தொடங்கினாப் பிறகு எல்லாம் ஒண்டுதான். நிக்கிறதில இருந்து எப்பிடி வெளிக்கிடுது எண்டுதான் நான் பாக்கிறது."

அதற்குமேல் அவர் விளக்குவது அபூர்வம். அன்றைக்கு என்ன நினைத்தாரோ, மோட்டரின் பின் மூடியைக் கழற்றிக் காட்டினார். "உள்ளுக்கு மூண்டு சின்னக் கண் இருக்கு, சென்சர் எண்டுறது. நடுவில சுத்துற காந்தம் இப்ப எந்தப் பக்கம் பாத்துக்கொண்டு நிக்குதெண்டு அதுகள்தான் சொல்லும். சொன்னாத்தான் எந்தச் சுருளுக்குக் கரண்ட் குடுக்கிறதெண்டு தெரியும். கண் ஒண்டு போனாலும் மோட்டர் ஓடும். ஓடேக்க ஒருத்தருக்கும் விளங்காது. நிண்டு, திருப்பி வெளிக்கிடேக்கதான் தடவும்."

"தடவினா?"

"இன்னும் கொஞ்சம் அமத்துவம் எண்டு ஆக்கள் கரண்டைக் கூட்டிக் குடுப்பினம். தடவுற மோட்டருக்குக் கூடக் குடுத்தா எரிஞ்சுபோகும்."

அவருடைய ரெஸ்ற்றை, அதாவது அந்தச் சோதனையைப் பார்க்கக் காலையில் போகவேண்டும். சுபஹ் தொழுதுவிட்டு வந்து, இரவு முழுக்க ஆறிக் கிடந்த மோட்டரை மேசையோர இடுக்கியான வைஸில் பூட்டி, மூன்று சிறு லைற் உள்ள பலகையோடு இணைப்பார். தண்டை இரு விரலால் மெல்லத் திருப்ப, லைற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறும். ஒழுங்கு தப்பாமல் மாறுகிறதா என்று பார்ப்பார். பிறகு பிஸ்மி சொல்லிச் சுவிச்சைப் போட்டு, எறும்பு நகர்கிற அளவுக்குக் கரண்ட் கொடுப்பார். அரைச் சுற்று. நிப்பாட்டுவார். திரும்பவும் அரைச் சுற்று. சூடு பார்ப்பதற்கு, கொரோனாக் காலத்தில் கடைவாசல்களில் எங்கள் நெற்றிக்கு நேரே பிடித்தார்களே, அந்தத் துவக்கு. மோட்டரின் நெற்றிக்கு நேரே பிடித்து, "காய்ச்சல் இல்லை" என்பார். அவரிடம் நான் கண்ட பகிடி அது ஒன்றுதான். அதையும் அவர் பகிடி என்று நினைத்துச் சொன்னாரா தெரியாது.

அதே வேலையை மூன்று காலை செய்வார். "சூடாயிருக்கேக்க எல்லாரும் கெட்டிக்காரர். ஆறினதுதான் உண்மையைச் சொல்லும்."

ஒரு முறை கொழும்பிலிருந்து பல் டாக்குத்தர் ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். மூன்றாம் படியில் நின்றபடி, சப்பாத்தைக் கழற்றுவதா விடுவதா என்று யோசித்தார். அவருடைய மோட்டரின் முதுகில் "பிந்துது".

"ஐயா, போன மாசம் இதை வச்சுத்தான் நான் ரேஸ் வெண்டனான்."

"ஓம்."

"வெண்ட மோட்டரைப் பிந்துது எண்டு சொல்லுறீங்கள்."

"ஓம்."

"நீங்கள் ஒருக்காத் திரும்பிப் பாத்தால் என்ன?"

"மூண்டு தரம் பாத்தனான் ஐயா. தேத்தண்ணி குடிச்சிற்றுப் போங்கோ."

பல் டாக்குத்தர் தேத்தண்ணி குடிக்காமல் போனார். இரண்டாம் மாதம் அதே மோட்டர், பாதி கருகி, பத்திரிகைத் தாளில் சுற்றி, பஸ்ஸில் வந்தது. நானா அதைப் பிரித்துப் பார்த்தார். "நான் சொன்னேன்தானே" என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரும் என்று நான் கதிரையின் நுனியில் உட்கார்ந்து காத்திருந்தேன். வரவில்லை. எதையும் ஒரு தரம்தான் சொல்வார். அந்த ஒரு தரத்தில் கேட்காதவனை அவர் கோபிப்பதுமில்லை, நினைவூட்டுவதுமில்லை. இதைப் பெருந்தன்மை என்று நான் அப்போது நினைத்தேன்.

மோட்டரோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அவருக்கு எல்லாவற்றிலும் தொடக்கத்தைத்தான் பார்க்கத் தெரியும். மன்னார்த் தீவின் தெற்குக் கரையில் நிற்கிற காற்றாலைகளை ஊரே சுற்றும்போது அண்ணாந்து பார்க்கும்; இவர் காற்றில்லாத காலையில் போய், எது முதலில் அசைகிறது என்று நின்று பார்த்துவிட்டு வருவார். தெருவில் படுத்திருக்கும் கழுதை எந்தக் காலை முதலில் ஊன்றி எழும்புகிறது என்று சொல்வார். என்னைப் பற்றி, "நீங்கள் கதிரையால எழும்ப முந்தி ரெண்டு தரம் எழும்புறீங்கள் தம்பி" என்றார். கவனித்துப் பார்த்தேன். உண்மைதான். முதல் இரண்டும் ஒத்திகை.

பெற்றோல் வரிசையெல்லாம் வர முந்திய ஒரு சனிக்கிழமை. மோட்டரை இன்னொருக்கா பார்க்கக் கொடுக்கவேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் கூட்டம் முடிந்து வரும் வழியில் கொடுத்துவிடும்படி மனைவியிடம் தந்துவிட்டேன். அவள் ஸ்கூட்டியில் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். நாலாம் நாள் எடுக்கப் போனேன். மோட்டரை என் கையில் வைத்துவிட்டு நானா சொன்னார்:

"ரீச்சர் படியில நல்லா ஏறினா. கடைக்குள்ள சமதரையில வந்தாப் பிறகு அடுத்த அடி வைக்கேல்ல. நிண்டா. திரும்பிப் போகேக்கையும் ஸ்கூட்டியடியில அப்பிடி நிண்டா. ஒருக்கா டாக்குத்தரிட்டக் காட்டுங்கோ."

"என்ன நானா, அவவுக்கும் ரேப் ஒட்டப் போறீங்களோ?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். தனியாகச் சிரிப்பது எனக்குப் பழக்கம்.

வீட்டுக்கு வந்து அவளுக்குச் சொன்னேன். அவளும் சிரித்தாள். "அந்த மனுசன் என்னைப் பாக்கிறதைவிட்டிற்று மோட்டரைப் பாக்கலாம்தானே" என்றாள். நல்ல கதை கையில் அகப்பட்டால் அதைச் சும்மா விடுகிற சாதி இல்லை நான். கந்தோரில் சொன்னேன். அவளுடைய தங்கையின் கலியாண வீட்டில், "என்ர மனுசிக்கு சென்சர் போயிற்றாம்" என்று தொடங்கி, நானாவின் குரலில், நடுவில் நிறுத்தி, அவள் நின்ற மாதிரி நின்றும் காட்டினேன். ஒவ்வொரு தரமும் கதை கொஞ்சம் மெருகேறியது. கடைசியாகச் சொன்ன தரத்தில் மிக நன்றாக வந்திருந்தது.

அந்த நாட்களில் அவளுடைய எழுத்துச் சிறுத்துக்கொண்டு வந்தது. பிள்ளைகளின் கொப்பிகளில் அவள் போட்ட குறிப்புகள் எறும்பு வரிசை போல இருந்தன. பேனை மைக்கும் தட்டுப்பாடு என்பதால் மிச்சம் பிடிக்கிறாள் என்று அதையும் பகிடியாக்கினேன். நடக்கும்போது வலது கை வீசாமல் தொங்கியது. அதை நான் காணவில்லை. கடற்கரையில் நான் பார்த்துக்கொண்டு நடந்தது காரை.

பதினொரு மாதம் கழித்து, குளியலறை வாசலில் நின்ற கால் நின்றபடி இருக்க உடம்பு மட்டும் முன்னே போய் விழுந்தாள். மணிக்கட்டு உடைந்தது. மணிக்கட்டைப் பார்த்த டாக்குத்தர் மணிக்கட்டை விட்டுவிட்டு அவளுடைய முகத்தை நெடுநேரம் பார்த்தார். கொழும்புக்கு எழுதித் தந்தார். அங்கே பெரிய டாக்குத்தர் அவளை அறைக்குள் இரண்டு தரம் நடக்கவிட்டு, பார்க்கின்சன் நோய் என்றார். குளிசை தந்தார். எப்போதிலிருந்து என்று கேட்டார். "ஒரு மாசமாத்தான்" என்று அவள் சொன்னாள். நான் திருத்தவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் கவலை வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டு இருந்தேன். மதவாச்சி தாண்டியும் வரவில்லை. வீட்டுக்குப் பார்க்க வந்த ஆட்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினேன், சீனி எவ்வளவு என்று கேட்டேன், வாசல்வரை போய் வழியனுப்பினேன். கோயிலில் அவளுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்த அன்று பாட்டுப் புத்தகத்தில் அச்சுப் பிழைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பல் பிடுங்க முந்தி ஊசி போட்டபின் உதடு எங்கே இருக்கிறது என்று தெரியாதே, அப்படி ஒரு நிலை. கடித்தாலும் தெரியாது.

ஒரே ஒரு ஆளோடு மட்டும் சண்டை பிடிக்கவேண்டும் போல இருந்தது. போனேன்.

நானா மோட்டரொன்றை வைஸில் பூட்டிக்கொண்டிருந்தார். நான் கதிரையில் இருக்கவில்லை. நோயின் பெயரைச் சொன்னேன். கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

"நீங்கள் ஏன் திரும்பச் சொல்லேல்ல?"

"சொன்னனான் தம்பி."

"ஒருக்காத்தானே சொன்னீங்கள். பதினொரு மாசம். எத்தினை தரம் இந்தக் கடைக்கு வந்து போனனான்!"

"சிரிச்சீங்கள். சிரிக்கிற ஆளுக்குத் திருப்பிச் சொன்னா இன்னொருக்காச் சிரிப்பார்."

"மோட்டரெண்டா மூண்டு தரம் பாக்கிறீங்கள் நானா. மனுசருக்கு ஒருக்காத்தானோ?"

அவர் பூட்டிய மோட்டரைக் கழற்றினார். கழற்றத் தேவையில்லை, இன்னும் பார்க்கவே தொடங்கவில்லை. பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "அது என்ர பிழைதான்" என்றார். அவர் அப்படிச் சொல்வார் என்று நான் ஆயத்தமாக வரவில்லை. சண்டை அங்கேயே முடிந்துபோயிற்று.

"ரீச்சர் இப்பவும் படியில நல்லா ஏறுறாவோ?"

"ஓம். படியில ஒரு பிரச்சினையும் இல்லை. சமதரையிலயும் கதவு வாசலிலயும்தான்."

"சரி. நாளைக்குக் காலையில வாறன்."

வந்தார். சைக்கிளில், கையில் மாஸ்கிங் ரேப் சுருளோடு. அவளைப் படுக்கையறையிலிருந்து குசினிக்கு நடந்து காட்டச் சொன்னார். அறை வாசலில் அவள் நின்றாள். பாதங்கள் தரையில் ஒட்டியபடியே நடுங்கின. நான் வழமைபோலப் பின்னால் நின்று, "நட, நட, வலது காலை எடு" என்றேன்.

"தம்பி, நீங்கள் கதைக்காதீங்கோ."

"இல்லை நானா, சொன்னாத்தான்..."

"தடவேக்க கூடக் குடுக்காதீங்கோ எண்டு சொன்னனான்."

அது இரண்டாம் தரம். அவர் ஒன்றை இரண்டாம் தரம் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

முழங்காலில் இருந்து, வாசலுக்குக் குறுக்கே ஒரு ரேப் துண்டை ஒட்டினார். ஒன்றரை அடி தள்ளி இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று. குசினிவரை ஒன்பது கோடு. "ரீச்சர், இது படி எண்டு நினைச்சுத் தாண்டுங்கோ." அவள் முதல் கோட்டைப் பார்த்தாள். கால் எழும்பியது. தாண்டினாள். இரண்டாவதையும் தாண்டினாள். குசினிவரை போய், சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்தாள். நான் என்ன முகம் வைத்திருந்தேன் என்று தெரியாது.

கொழும்பு டாக்குத்தரிடம் அடுத்த முறை சொன்னபோது, அது வைத்தியத்தில் உள்ள முறைதான் என்றார். ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்கவில்லை. எங்களுக்கு ஒதுக்கியது ஐந்து நிமிடம்.

இரண்டாம் காலையும் வந்தார். மூன்றாம் காலையும் வந்தார். மருந்து குடிக்க முதல் நடக்கச் சொல்லி, கதிரையில் இருந்து பார்த்தார். மூன்றாம் நாள் ரேப்பில் ஒரு சிறு துண்டைக் கிழித்துக் கட்டைவிரலில் ஒட்டி வைத்துக்கொண்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். எடுத்த பிறகுதான் தான் எங்கே இருக்கிறார் என்று உணர்ந்தார் போல. பென்சிலைத் திரும்பவும் காதில் செருகினார்.

அவள் அதைக் கண்டுவிட்டாள். "என்ன நானா, எழுதேல்லையோ?"

"இன்னும் ரெஸ்ற் முடியேல்ல ரீச்சர்."

அவள் சிரித்தாள். இந்தத் தரம் அவள் தனியாக.

வீட்டுக்குள் சரி. கடற்கரையில் ரேப் ஒட்ட முடியாது. மாதக்கணக்கில் நாங்கள் கீரிக்குப் போகவில்லை. பிறகு ஒரு பின்னேரம் அவள்தான், "நடக்காட்டியும் பரவாயில்லை, இருந்து பாப்பம்" என்றாள். ஈர மணலில் அவள் நின்றாள். நான் காரை விட்டேன். நடுங்கி நடுங்கி அவளுக்கு முன்னால் குறுக்கே போயிற்று. மணலில் சில்லுத் தடம். அவள் அதைப் பார்த்தாள். தாண்டினாள்.

"இஞ்சேருங்கோ. திருப்பி ஒருக்காக் குறுக்கால விடுங்கோப்பா."

விட்டேன். தாண்டினாள். ஆனால் குறுக்கே கீறவேண்டுமென்றால் கார் ஒவ்வொரு கோட்டுக்கும் நின்று, திரும்பி, மெல்ல வெளிக்கிடவேண்டும். என்னுடையது பாதித் தரம் நடுங்கி நின்றது. மற்றப் பாதி பாய்ந்து அவள் காலில் மோதப் பார்த்தது.

மறுநாள் நானாவிடம் போய், "எனக்கு வேகம் வேண்டாம். வெளிக்கிடேக்க பிந்தாமல் இருந்தாச் சரி" என்றேன். ஏன் என்றும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். வெளியிலிருந்து பொருள் எதுவும் வராத காலம் அது. தன்னிடமிருந்த மூன்று பழுதான மோட்டர்களைப் பிரித்து, ஒன்றிலிருந்து கண் உள்ள தகட்டை எடுத்து என்னுடையதற்குள் மாற்றினார். மூன்று காலை பார்த்தார். நாலாம் நாள் தந்தார். கரண்ட், சூடு, தொடக்கம். மூன்றாம் வரியில் "பிந்தேல்ல".

அதுதான் அவரிடமிருந்து நான் எடுத்த கடைசி ரேப். பஸ்ஸில் மோட்டர் வருவது நின்றது. கொழும்புக்காரருக்கும் வேறு கவலைகள் வந்திருந்தன. ஒரு நாள் போனபோது முன்னறையில் நெல் மூட்டை அடுக்கியிருந்தது. நானாவும் வீட்டாரும் புத்தளத்தில் மகளோடு போய் இருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். போர்க்காலத்தில் முஸ்லிம்களெல்லாம் வெளியேற்றப்பட்டபோது இடம்பெயர்ந்து இருபது வருடம் இருந்த ஊர்; போவதும் வருவதும் அவர்களுக்குப் புதிதில்லை. போனில் அவருடைய நம்பரை எடுத்தேன். அந்த இலக்கம் பாவனையில் இல்லை. சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஒருவேளை சொல்லியும் இருப்பார், ஒரு தரம், நான் எதையோ பகிடி பண்ணிக்கொண்டு நின்ற நேரத்தில்.

பின்னேரங்களில் கீரிக்குப் போகிறோம். அவள் நிற்பாள். நான் பக்கத்தில் நின்று ரிமோட்டை மெல்ல அமத்துவேன். கார் அவளுக்கு முன்னால் குறுக்கே போய் நிற்கும். திரும்பி, கொஞ்சம் தள்ளிக் குறுக்கே வரும். அவள் தாண்டத் தாண்ட நான் கீறிக்கொண்டு போவேன். கால் வரப் பிந்தினால் காத்திருப்பேன். நட என்று சொல்வதில்லை. வாயைத் திறந்தால் ஏதாவது பகிடி வந்துவிடும் என்ற பயத்தில் வேறெதுவும் சொல்வதுமில்லை. போகும்போது கீறியவற்றைத் திரும்பி வரும்போது காற்றுத் தின்றுவிட்டிருக்கும். திரும்பவும் கீறவேண்டும்.

தொடக்கத்தில் கோட்டுக்குக் கோடு ஒன்றரை அடி விட்டேன். போன வருடம் ஒரு அடி. நேற்று ஆறாவது கோட்டில் அவள் நின்றாள். கடலில் ஒரு படகு திரும்பி, கரைக்கு வந்து, ஆட்கள் இறங்கும்வரை நின்றாள்.

"இஞ்சேருங்கோ."

"ம்."

"இன்னும் கொஞ்சம் கிட்டக் கிட்டக் கீறுங்கோப்பா."

காரைப் பின்னால் எடுத்தேன். அவளுடைய பெருவிரலுக்கு முன்னால் ஒரு சாண் விட்டு நிறுத்தினேன். மெல்ல அமத்தினேன். மோட்டர் பிந்தவில்லை.